தரையை மூன்று மாதம் மறந்திருங்கள்: இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டில் தேறும் முறை

நம் வீட்டு வாழ்க்கையில் பாதி தரையோடு தரையாகவே நடக்கிறது என்பது, வீட்டில் ஒருவருக்கு இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை நடக்கும் வரை நம் கண்ணில் படுவதில்லை. பூசை மாடத்தின் அடித்தட்டில் எண்ணெய்ப் புட்டியும் திரியும் இருக்கும். அரிசி வாளி சமையலறைக் கழுவுதொட்டிக்குக் கீழே இருக்கும். கீரை ஆய்வதற்குப் பழைய செய்தித்தாளைத் தரையில்தான் விரிப்போம். பேரப்பிள்ளை காலில் விழுந்தால் பாட்டி குனிந்து தோளைத் தொட்டுத் தூக்கித்தான் வாழ்த்துவார். புதிதாகச் செயற்கை மூட்டு பொருத்தப்பட்ட இடுப்புக்கு இந்தக் குனிதல் ஒவ்வொன்றும் மூட்டு நழுவ ஒரு வாய்ப்பு. ஆகவே வீட்டில் தேறிவரும் காலத்தில் குடும்பத்தாருக்கு இருக்கும் வேலையில் பெரும்பகுதி மருந்து மாத்திரை சார்ந்தது அன்று. முழங்காலுக்குக் கீழே கிடக்கும் வாழ்க்கையை இடுப்பளவுக்கு மேலே தூக்கி வைப்பதே அந்த வேலை.

என் தாயார் தம் 74ஆம் வயதில் ஈரக் குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் கழுத்துப் பகுதியை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சைக்குப் பின், சிங்கப்பூரில் எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்ட மாதங்களில், சிகிச்சையாளர்கள் சொல்லித் தந்தவற்றையும் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உங்கள் அறுவை சிகிச்சை நிபுணர் உங்களுக்கென்று சொன்ன ஏதேனும் இதனோடு மாறுபட்டால், அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

எந்த அறுவை சிகிச்சை நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உறவினர்களிடம் ‘இடுப்பு ஆபரேஷன்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அந்தச் சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு சிகிச்சைகள் அடங்கியிருக்கின்றன. மூட்டுத் தேய்மானத்திற்காகப் பெரும்பாலும் செய்யப்படுவது முழு மூட்டு மாற்று; அதில் தொடை எலும்பின் உச்சியிலுள்ள பந்தும், அது பொருந்தும் இடுப்பெலும்புக் கிண்ணமும் இரண்டுமே மாற்றப்படுகின்றன. விழுந்து எலும்பு முறிந்த முதியவர்களுக்குப் பல நேரங்களில் பந்தை மட்டும் மாற்றுகிறார்கள். என் தாயாருக்கு நடந்தது இந்தப் பாதி மாற்றுதான். மூன்றாவது வகையில் எதையும் மாற்றாமல், முறிந்த எலும்பை உலோகக் கம்பி, திருகு அல்லது தகடு கொண்டு இணைத்துவிடுகிறார்கள். மாற்று மூட்டில் முதன்மையான அச்சம் மூட்டு நழுவுவது. இணைப்புச் சிகிச்சையில் மூட்டு அவருடைய சொந்த மூட்டாகவே இருப்பதால் நழுவும் அச்சம் பெரிதில்லை. எலும்பு கூடும் வரை அந்தக் காலில் எவ்வளவு எடையை ஊன்றலாம் என்பதே அங்கே கேள்வி.

மூட்டு மாற்றிலும், மருத்துவர் எந்தப் பக்கமாக மூட்டை அடைந்தார் என்பதைப் பொறுத்துத் தடைகள் மாறும். பின்புறமாகச் சென்றிருந்தால் மூன்று தடைகள் உண்டு: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடவோ ஒரு காலை மற்றதன் குறுக்கே கொண்டுபோகவோ கூடாது, அறுவை நடந்த காலின் பாதத்தை உட்புறமாகத் திருப்பக் கூடாது. முன்புறமாகச் சென்றிருந்தால் காலைப் பின்னால் நீட்டுவதும் வெளிப்புறம் திருப்புவதும்தான் பெரும்பாலும் தடுக்கப்படும். தடையே விதிக்காத மருத்துவர்களும் இப்போது இருக்கிறார்கள். எனவே வீடு திரும்பும் முன்பே, நடந்தது எந்தச் சிகிச்சை, எந்தெந்த அசைவுகள் எத்தனை வாரத்திற்குக் கூடாது, காலில் முழு எடை ஊன்றலாமா அல்லது பாதியா, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எந்தத் தேதி வரை என்ற நான்கையும் கேட்டு எழுதி வாங்கி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். கீழே நான் எழுதியிருப்பது, கடுமையான தடைகள் உள்ள பின்புறச் சிகிச்சையை மனத்தில் வைத்துத்தான்.

நேராக வீட்டுக்கா, சமூக மருத்துவமனைக்கா?

வீட்டில் தனியாக இருப்பவரும், தாமாக எழுந்து நடக்க இன்னும் பழகாதவரும் பெரிய மருத்துவமனையிலிருந்து ஒரு சமூக மருத்துவமனைக்குச் சென்று சில வாரங்கள் பயிற்சி பெற்றுவிட்டு வீடு திரும்புவது நல்லது. ஈசூன், செங்காங், ஊட்ரம், ஜூரோங் எனப் பல வட்டாரங்களில் அத்தகைய மருத்துவமனைகள் பெரிய மருத்துவமனையை ஒட்டியே இருக்கின்றன. “எங்களை விட்டுவிடப் பார்க்கிறார்களோ” என்று பெற்றோர் மனம் நோவது இயல்பு. அங்கே தினமும் பயிற்சி கிடைக்கும் என்பதையும், வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அது கிடைக்காது என்பதையும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

அவர் வருவதற்கு முன் வீட்டை உயர்த்துங்கள்

ஒரு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். நோயாளி நிற்கும்போது தரையிலிருந்து அவருடைய முழங்காலின் பின்மடிப்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். வீட்டில் அவர் உட்காரும் ஒவ்வொன்றும், அதாவது நாற்காலி, கட்டில், கழிப்பறை இருக்கை, குளியல் நாற்காலி ஆகிய எல்லாமே, அந்த அளவைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்வாக இருந்தால் உயரம் சரி. முழங்கால் மேலே எழும்பி நின்றால் 90 டிகிரி தாண்டிவிட்டது என்று பொருள். இந்தச் சோதனையில் வரவேற்பறையின் மெத்தென்ற சோபா பெரும்பாலும் தோற்றுவிடும், ஏனென்றால் உட்கார்ந்ததும் அது அமுங்கி ஆளை உள்வாங்கிக்கொள்கிறது. கைப்பிடி உள்ள, அமுங்காத, நேரான முதுகுடைய நாற்காலி ஒன்றே போதும். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியும் ஆடும் நாற்காலியும் வேண்டாம்.

பிறகு அவர் தினமும் தொடும் பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றை மார்புக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரத்திற்கு ஏற்றுங்கள். தேநீர்க் கோப்பை, மருந்துப் பெட்டி, கைப்பேசியின் மின்னூட்டி, கண்ணாடி, திருநீற்றுக் கிண்ணம், மாற்றுத்துணி எல்லாமே இதில் அடங்கும். பூசை மாடத்தை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒரே பெரிய பயமுறுத்தல் அங்கேதான். வீடு வந்த ஒன்பதாம் நாள் மாலை விளக்கேற்றும் நேரத்தில், தீப்பெட்டி கைதவறிக் கீழே விழுந்தது. “அம்மா, வேண்டாம்!” என்று நான் சமையலறையிலிருந்து கத்துவதற்குள் அம்மா ஒரு கையால் மாடத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையைத் தரைக்குக் கொண்டுபோய்விட்டார். மூட்டு தப்பித்தது, அன்றிரவு எங்களுக்குத்தான் தூக்கம் வரவில்லை. மறுநாளே ஒரு நீண்ட பிடிகோலை வாங்கி மாடத்தின் பக்கத்திலேயே மாட்டினோம். அதன் விசையை அழுத்தினால் நுனியிலுள்ள கிடுக்கி பொருளைக் கவ்விக்கொள்ளும். இத்தகைய கோல் இரண்டு இருப்பது நலம், ஏனென்றால் ஒன்று எப்போதும் வேறு அறையில்தான் கிடக்கும்.

தரையில் விரித்த கால்மிதிகள், மின்விசிறியின் கம்பி, வாசலில் குவியும் செருப்புகள், தாழ்வாரத்துத் தொட்டிச் செடிகள் எல்லாவற்றையும் வழியிலிருந்து அகற்றுங்கள். அறைக் கதவுகளின் அகலத்தையும் அளந்துகொண்ட பிறகே ‘வாக்கிங் ஃபிரேம்’ என்னும், பிடித்துக்கொண்டு நடக்கும் நான்குகால் சட்டத்தை வாங்கப் போங்கள். நான் அளக்காமல் வாங்கி வந்தேன். குளியலறை வாசலில் அது இரண்டு விரற்கடை இடமில்லாமல் மாட்டிக்கொண்டு நின்றது. பக்கவாட்டில் திரும்பி, ஃபிரேமையும் அவ்வாறே திருப்பிக்கொண்டு, சிறு அடியாக நகர்ந்து உள்ளே போகும் முறையைச் சிகிச்சையாளர் பிறகு கற்றுத் தந்தார்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. வீவக வீடுகளில் கைப்பிடிகள் பொருத்தவும், குளியலறைத் தரையை வழுக்காமல் பதப்படுத்தவும், வாசற்படியில் சாய்தளம் அமைக்கவும் ‘ஈஸ்’ என்னும் மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்களான, 65 வயதை எட்டிய மூத்தோர் இருக்கும் வீடுகளுக்கும், அன்றாடச் செயல்களில் உதவி தேவைப்படும் 60 முதல் 64 வயது வரையிலானவர்கள் இருக்கும் வீடுகளுக்கும் வீட்டு வகையைப் பொறுத்து 95 விழுக்காடு வரை மானியம் கிடைக்கிறது. வீவகவிடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஃபிரேம், கமோடு நாற்காலி, சக்கர நாற்காலி போன்ற கருவிகளுக்கு, மூத்தோரின் நடமாட்டத்திற்கென உள்ள நிதியிலிருந்து, வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை உதவி கிடைக்கும். அதற்குச் சிகிச்சையாளர் மதிப்பீடு செய்ய வேண்டும் என்பதால், மருத்துவமனையில் இருக்கும்போதே கேட்டுவிடுவது எளிது. இவை பற்றிய விவரங்களை ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800 650 6060 என்ற எண்ணில் கேட்டறியலாம்.

வீடு வந்து சேரும் பயணம்

டாக்சியிலோ உறவினர் காரிலோ வருவதானால் முன்னிருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, அதன் முதுகைச் சற்றே சாய்த்துவிடுங்கள். இருக்கை தாழ்வாக இருந்தால் கெட்டியான திண்டு ஒன்றைப் போடுங்கள். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் உடல் எளிதில் வழுக்கித் திரும்பும், ஆனால் வண்டி கிளம்பும் முன் பையை உருவிவிட வேண்டும். நோயாளி முதலில் இருக்கைக்கு முதுகைக் காட்டி, கால்பின்புறம் வண்டியில் படும் வரை பின்னால் வந்து, அறுவை நடந்த காலை முன்னே நீட்டியவாறு மெதுவாக உட்கார வேண்டும். பிறகு பின்னுக்குச் சாய்ந்தபடியே இரு கால்களையும் ஒன்றாக உள்ளே கொண்டுவர வேண்டும். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு உடலை முறுக்கி ஏறும் நமது வழக்கமான முறை இப்போது ஆகாது.

இன்றும் சில பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்பதில்லை. படியேற வேண்டியிருந்தால் நல்ல கால் முதலில் மேலே போகும். இறங்கும்போது அறுவை நடந்த கால் முதலில் கீழே வரும். “நல்லது மேலே, நோவு கீழே” என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தோம். அவர் அதை மந்திரம்போல முணுமுணுத்துக்கொண்டே இறங்குவார். ஒரு கை கைப்பிடிக் கம்பியில் இருக்க, உதவுபவர் இறங்கும்போது ஒரு படி கீழேயும் ஏறும்போது ஒரு படி பின்னேயும் நிற்க வேண்டும்.

உட்காருதல், எழுதல், படுத்தல்

மூன்று மாதத்தில் ஆயிரம் முறை செய்யப்போகும் செயல் இது என்பதால், இதைச் சரியாகப் பழகுவதற்கு முதல் வாரத்தில் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும். உட்கார வருபவர், ஃபிரேமுடன் சிறு சிறு அடியாகத் திரும்பி, நாற்காலியின் விளிம்பு இரு கால்களின் பின்புறத்திலும் படும் வரை பின்னால் வர வேண்டும். அதன்பின் அறுவை நடந்த காலை ஓர் அடி முன்னே நீட்டி, ஃபிரேமிலிருந்து ஒவ்வொரு கையாக எடுத்து நாற்காலியின் கைப்பிடிகளைப் பற்றி, நல்ல காலின் பலத்தில் மெல்ல இறங்க வேண்டும். எழும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்: முதலில் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, காலை முன்னே நீட்டி, கைப்பிடிகளை அழுத்தி எழுந்து, நின்று நிலைத்த பிறகே ஃபிரேமைப் பிடிக்க வேண்டும். பலரும் ஃபிரேமைப் பிடித்து இழுத்து எழ முயல்கிறார்கள். அது எடை குறைந்த கருவி, ஆளோடு சேர்ந்து கவிழ்ந்துவிடும். உதவ வரும் பிள்ளைகளும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. தோள்மூட்டில் புதிதாக ஒரு வலியை உண்டாக்குவதைத் தவிர அதனால் பயனில்லை. பக்கத்தில் நின்று, இடுப்புப் பட்டியையோ இடுப்பையோ தாங்கினால் போதும். வீட்டில் பணிப்பெண் இருந்தால், அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையிலேயே அவருக்கும் பயிற்சி கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பகல் முழுவதும் உடனிருக்கப் போகிறவர் அவர்தான்.

ஃபிரேமின் உயரமும் முக்கியம். நேராக நின்று கைகளைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். நடக்கும்போது முதலில் ஃபிரேம், அடுத்து அறுவை நடந்த கால், அதன்பின் நல்ல கால் என்ற வரிசையில் நடக்க வேண்டும். திரும்பும்போது அறுவை நடந்த காலை ஊன்றிச் சுழலாமல், சிறு அடிகளாக அரைவட்டம் அடித்துத் திரும்ப வேண்டும். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் சட்டென்று இடுப்பை முறுக்கித் திரும்புவது மனித இயல்பு. ஆகவே வீட்டார் அவர் முன்னால் வந்து பேசப் பழகிக்கொள்ளுங்கள்.

படுக்கையில் மல்லாந்து படுத்து, இரு முழங்கால்களுக்கும் இடையே ஒரு தடித்த தலையணையை வைத்துக்கொள்வது பாதுகாப்பு. தூக்கத்தில் கால் குறுக்கே போவதை அது தடுக்கும். ஒருக்களித்துப் படுக்க மருத்துவர் அனுமதித்தாலும் அந்தத் தலையணை இருந்தாக வேண்டும். காலடியில் கிடக்கும் போர்வையை எழுந்து உட்கார்ந்து இழுக்கும்போதும் 90 டிகிரி தாண்டிவிடும். போர்வையை இடுப்பு வரை முன்கூட்டியே விரித்து வைத்துவிட்டால் அந்த ஆசை எழாது.

உடை விஷயத்தில் நான் கண்டிப்பானவள். சேலையின் கொசுவத்தைச் சரிசெய்யக் குனியாத பெண்ணை நான் பார்த்ததில்லை. நீளமான வேட்டியும் கைலியும் ஃபிரேமின் காலில் சிக்கும். கணுக்காலுக்கு மேலே நிற்கும் நைட்டியோ தளர்வான அரைக்காற்சட்டையோ முதல் ஆறு வாரத்திற்குப் போதும். கீழுடையை அணியும்போது அறுவை நடந்த காலை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். பிடிகோலால் இடுப்புப் பட்டியைக் கவ்விக்கொண்டு நுழைக்கலாம். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடோ ‘சிலிப்பர்’ அணிந்தோ நடக்காமல், குதிகாலைப் பிடிக்கும் பட்டியும் வழுக்காத அடியும் உள்ள செருப்பை அணிவது நல்லது. கால்நகம் வெட்டுவது இனி மகன் வேலை அல்லது மகள் வேலை.

குளியலறை

நமது பெரும்பாலான வீடுகளில் குளியலும் கழிப்பும் ஒரே சிற்றறையில், அதுவும் எப்போதும் ஈரமாகவே இருக்கும் தரையில் நடக்கின்றன. வாசலில் ஒரு தடுப்புப் படியும் இருக்கும். அம்மா விழுந்த இடமும் அதுதான் என்பதால், திரும்ப விழக்கூடிய இடமும் அதுதான் என்று எண்ணிச் செயல்பட்டோம். குளியல் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் பிடிக்கும் நீர்த்தூவியால் குளிக்க வேண்டும். முதுகும் பாதமும் தேய்க்க நீண்ட பிடியுள்ள நார் வேண்டும். வாளியிலிருந்து குவளையால் மொண்டு ஊற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு வாளியை ஒரு முக்காலியின் மேல் வைத்துக்கொடுங்கள். கழிப்பறை இருக்கையின் மேல் உயர்த்தும் வளையத்தைப் பொருத்தலாம், அல்லது அடிச்சட்டியை எடுத்துவிட்ட கமோடு நாற்காலியை அதன் மேல் நிறுத்தலாம். இரவில் அதே கமோடு நாற்காலி கட்டிலருகே இருந்தால், தூக்கக் கலக்கத்தில் குளியலறைக்கு நடக்கும் ஆபத்து இல்லை. சுத்தம் செய்துகொள்ளத் திரும்பும்போது இடுப்பை முறுக்குவதும் தவறுதான். கைநீர்க்குழாயை முன்னால் எட்டும்படி மாற்றி அமையுங்கள். உள்ளே தாழ் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் பெரியவர்கள் இதற்கு எளிதில் இணங்க மாட்டார்கள். கதவுக்கு வெளியே ஒரு திரையைத் தொங்கவிட்டதும் அம்மாவின் எதிர்ப்பு அடங்கியது.

காயமும் மருந்தும்

தையலோ ஸ்டேப்பிள் ஊசிகளோ வழக்கமாக 10 முதல் 14 நாளில் பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ அகற்றப்படும். அதுவரை கட்டு நனையாமலும், அனுமதியின்றித் திறக்கப்படாமலும் இருக்கட்டும். காயத்தின் மேல் மஞ்சள் பற்று, நல்லெண்ணெய், தைலம் எதுவும் வேண்டாம். தொடை முதல் கணுக்கால் வரை வீக்கமும் நீலம் பாய்ந்த தோலும் சில வாரங்களுக்கு இருப்பது இயல்பே; துண்டில் சுற்றிய பனிக்கட்டிப் பையை 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுக்கலாம்.

வலிமாத்திரையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தவிர்ப்பது வீரமன்று. வலி இருந்தால் பயிற்சி நடக்காது, பயிற்சி நடக்காவிட்டால் கால் தேறாது. சிகிச்சையாளர் வருவதற்கு அரைமணி நேரம் முன்பு மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். பாரசெட்டமால் ஏற்கெனவே எடுப்பவர், அதே மருந்து கலந்த சளி மாத்திரையையும் தெரியாமல் சேர்த்துப் போட்டுக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். கடுமையான வலிமருந்துகள் மலச்சிக்கலையும் கிறக்கத்தையும் உண்டாக்கும்; முக்குவது இந்த நிலையில் பெரும் துன்பம் என்பதால் தண்ணீர், பப்பாளி, கீரை, மருத்துவர் தந்த இளக்கி மருந்து ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே தொடங்கிவிடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைச் சொன்ன தேதி வரை ஒரு நாளும் தவறாமல் கொடுக்க வேண்டும். அது முடியும் வரை ஜின்செங், ஜிங்கோ, பூண்டு மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி எதையும் மருத்துவரிடம் கேட்காமல் சேர்க்காதீர்கள். இரத்தக் கசிவு கூடலாம்.

முதிய நோயாளிகள் சிலர் வீடு வந்த முதல் இரவுகளில் இடம் மறந்து, இறந்துபோன உறவினரைக் கூப்பிட்டுத் தடுமாறுவதுண்டு. அது பைத்தியமுமன்று, காற்றுக் கருப்புமன்று; உடல் பட்ட அதிர்ச்சியின் விளைவு. மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் போட்டுவிட்டு, இரவில் ஒரு சிறு விளக்கு எரியவிட்டு, நாளையும் நேரத்தையும் அடிக்கடி சொல்லுங்கள். திடீரென்று தொடங்கினாலோ கூடினாலோ மருத்துவரிடம் தெரிவியுங்கள், ஏனெனில் கிருமித்தொற்றும் அப்படித் தொடங்குவதுண்டு.

எப்போது காத்திருக்கக் கூடாது

திடீரென்று மூச்சுத் திணறல், நெஞ்சு வலி அல்லது இருமலில் இரத்தம் வந்தால் அவசர மருத்துவ வண்டிக்கு 995 எண்ணை அழையுங்கள். காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இடுப்பில் ‘பளிச்’சென்று கடும் வலி எழுந்து, காலை ஊன்ற முடியாமல், அந்தக் கால் குட்டையாகவோ திரும்பியோ தெரிந்தால் மூட்டு நழுவியிருக்கலாம். இழுத்துச் சரிசெய்ய எவரையும் அனுமதிக்காமல், அசைக்காமல் படுக்க வைத்து இதற்கும் 995ஐயே அழையுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல், காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், சீழ் அல்லது துர்நாற்றமுள்ள கசிவு ஆகியவற்றுக்கும் அப்படியே. உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் படுத்தபடியே கொண்டுபோக வேண்டிய பயணங்களுக்கு 1777 எண்ணில் மருத்துவ வண்டி கேட்கலாம்.

தாழ்வாரமே பயிற்சிக்கூடம்

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் படுத்தபடியோ உட்கார்ந்தபடியோ பாதத்தை மேலும் கீழும் பத்து முறை அசைப்பது முதல் பயிற்சி. கால் நாளங்களில் இரத்தம் தேங்காமல் இருக்க அது உதவுகிறது. முழங்காலைப் படுக்கையோடு அழுத்தித் தொடைத் தசையை ஐந்து நொடி இறுக்கித் தளர்த்துவதும், பின்புறத் தசைகளை அவ்வாறே இறுக்குவதும் அடுத்தவை. குதிகாலைப் படுக்கையில் உரசியபடி முழங்காலை மடக்குவதும், காலைப் பக்கவாட்டில் விலக்குவதும் சிகிச்சையாளர் சொன்ன பிறகே.

நடைக்கு வீவக புளோக்கின் பொதுத்தாழ்வாரத்தைவிட நல்ல இடம் இல்லை. தரை சமம், கூரை உண்டு, பிடித்துக்கொள்ளச் சுவர் உண்டு. நாங்கள் தூரத்தை மீட்டரில் கணக்கிடவில்லை, கதவுகளில் கணக்கிட்டோம். முதல் வாரம் பக்கத்து மலாய்க் குடும்பத்தின் வாசல் வரை, இரண்டாம் வாரம் மூன்றாவது கதவு வரை, ஒரு மாதத்தில் மின்தூக்கி வரை. அங்கே நின்று இளைப்பாற அண்டைவீட்டார் ஒரு நாற்காலியையே போட்டுவிட்டார்கள். மழைச்சாரல் அடித்த நாள்களில் மட்டும் வீட்டுக்குள்ளேயே நடந்தார். நீண்ட நடை ஒன்றைவிடக் குறுநடை நான்கு மேல். மறுநாள் காலை வலி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால், முந்தைய நாள் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

பலர் ஏறத்தாழ 4 முதல் 6 வாரத்தில் ஃபிரேமிலிருந்து கைத்தடிக்கு மாறுகிறார்கள். கைத்தடியை அறுவை நடந்த பக்கத்தில் பிடிக்கக் கூடாது, எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும். இதைக் கேட்டு எல்லாரும் வியப்படைகிறார்கள், ஆனால் இடுப்பின் சுமை குறைவது அப்படித்தான்.

வருகையாளர், வழிபாடு

பார்க்க வருபவர்களிடம் காலில் விழ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். குழந்தைகளை மடியில் ஏற்றவும் வேண்டாம். சம்மணம் போட்டு அமர்வதும், பலகையில் உட்கார்ந்து உண்பதும், வாசலில் கோலமிடுவதும் மருத்துவர் அனுமதிக்கும் வரை நிற்கட்டும். இஸ்லாமியர் நாற்காலியில் அமர்ந்து தொழலாம். கிறிஸ்தவர் முழந்தாளிடாமல் அமர்ந்தே செபிக்கலாம். கோவிலுக்குப் போவதானால் கூட்டமில்லாத வேளையைத் தேர்ந்தெடுங்கள்; காலணியில்லாமல் ஈரத் தரையில் நடக்க வேண்டியிருப்பதால், கைத்தடியின் ரப்பர் அடி தேயாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எலும்புக்கு உணவும் மருந்தும்

ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு கூடும் என்ற நம்பிக்கையை நான் தடுக்கவில்லை. சூடாகத் தொண்டைக்கு இதமாக இருக்கும், ஆனால் அதில் வரும் கால்சியம் சொற்பம். காயமும் தசையும் தேறுவதற்குப் புரதம் வேண்டும். மீன், முட்டை, கோழி, சைவர்களுக்குப் பருப்பு, தயிர், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் டௌக்வா என்னும் கெட்டியான சோயாக் கட்டி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். கேழ்வரகுக் கூழ், பால், முள்ளோடு உண்ணக்கூடிய நெத்திலி ஆகியவற்றில் கால்சியம் உண்டு. நீரிழிவு உள்ளவர்களின் சர்க்கரை அளவு கட்டுக்குள் இல்லாவிட்டால் காயம் ஆறத் தாமதமாகும்.

நின்ற நிலையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது என்றால், எலும்பு ஏற்கெனவே வலுவிழந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். எலும்படர்த்திப் பரிசோதனையைப் பற்றி மருத்துவர் பேசாவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஒரு பக்கம் முறிந்தவருக்கு மறுபக்கமும் முறியும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். பலருக்கு வாரம் ஒரு முறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை தரப்படுகிறது. அதை வெறும் வயிற்றில் ஒரு முழுக் குவளைப் பச்சைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரைமணி நேரம் படுக்காமலும் எதுவும் உண்ணாமலும் நிமிர்ந்திருக்க வேண்டும். காப்பியோடு விழுங்கினால் மாத்திரை உடலில் சரியாகச் சேராது. காலைக் காப்பி அரைமணி தள்ளிப்போவதை அம்மா ஒரு பெரும் அநீதியாகவே கருதினார். ஞாயிற்றுக்கிழமை காலை மாத்திரை, வானொலியில் பழைய பாட்டு, அது முடிந்ததும் காப்பி என்று ஒழுங்கு செய்த பிறகே சண்டை ஓய்ந்தது.

வெளியே செல்லத் தொடங்கும்போது

சாலை கடக்கும் இடங்களில் மூத்தோர் சலுகை அட்டையைக் கம்பத்திலுள்ள கருவியில் தட்டினால், அந்த வசதியுள்ள சந்திப்புகளில் பச்சை விளக்கு 3 முதல் 13 நொடி வரை கூடுதலாக எரியும். மெதுவாக நடப்பவருக்கு அந்த நொடிகள் பெரிது. கார் ஓட்டுவது பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரத்திற்குப் பிறகே, அதுவும் மருத்துவர் ஒப்புதலோடு.

ஊருக்குப் போகும் அவசரம் பலருக்கு இருக்கும். சென்னைக்குப் பறக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நேரம் மடக்கிய காலோடு அசையாமல் இருப்பது இரத்தம் உறைவதற்கு வழி செய்யும் என்பதால், மருத்துவர் தேதி குறிக்கும் முன் பயணச்சீட்டு வாங்காதீர்கள். புறப்படும்போது நடைபாதை ஓர இருக்கையும் சக்கர நாற்காலி உதவியும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். உலோகச் சோதனைக் கருவி ஒலிக்கும் என்பதால் மூட்டு பொருத்தியிருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள். ஊரில் வீட்டார் வாங்கி வைக்க வேண்டியவை இரண்டுதான்: கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி ஒன்று, குந்தும் கழிப்பறையின் மேல் நிறுத்தக்கூடிய கமோடு நாற்காலி ஒன்று. விமானம் ஏறும் முந்தைய வாரம் அவற்றின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பச் சொல்லி, தரையிலிருந்து இருக்கை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அவர்களையே அளந்து சொல்லச் சொல்லுங்கள்.